இதர விஷயங்களில் ஒரு கல்யாணம்

மண்டபம் என்று ஒன்று இருந்தால், அதை எந்த நாளில் யார் எடுத்திருக்கிறார்கள் என்று குறித்துவைக்க ஏதாவது வேண்டும். ஸ்கூடாய் தென்வட்டாரத் தமிழர் நல்வாழ்வு மன்றத்தில் அந்த வேலையை இருபத்திரண்டு வருஷமாகச் சிவப்பு அட்டை போட்ட ஒரு தடித்த நோட்டு பார்த்துவந்தது. அதற்குச் சம்பளம் இல்லை, விடுமுறை இல்லை, மின்சாரமும் தேவையில்லை. இப்படி ஒரு காரியம் குறையில்லாமல் நடந்துகொண்டிருந்தால் நிர்வாகத்தில் இருப்பவர்களுக்குத் தூக்கம் எப்படி வரும்? ஆகவே மன்றத்தைக் கணினிமயமாக்குவதென்று செயற்குழு ஏகமனதாகத் தீர்மானித்தது.

இந்தத் தீர்மானத்தால் பாதிக்கப்பட்ட ஒரே ஜீவன் ரூபினி. மன்றத்தின் கிராணி, அதாவது குமாஸ்தா அவள்தான். வயது இருபத்தொன்பது. அவளுக்கும், தினமும் மோட்டார் சைக்கிளில் எல்லைப் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வரும் ஹேமநாதனுக்கும் நிச்சயமாகி எட்டு மாதம் ஆகியிருந்தது. ஜோசியர் கொடுத்த முகூர்த்தம் ஆனி மாதத்துக் கடைசி ஞாயிறு, காலை ஒன்பதிலிருந்து பத்தரை. அதை விட்டால் ஆடி. ஆடி கழிவதற்குள் ஹேமநாதனை அவன் கம்பெனி இரண்டு வருஷத்துக்கு வியட்நாமுக்கு அனுப்பிவிடும். பெர்மாஸ் ஜெயா வரைக்கும் போய் எல்லா மண்டபத்திலும் கேட்டாயிற்று. எங்கும் அந்த ஞாயிறு கிடைக்கவில்லை. மன்ற மண்டபத்தில் மட்டும் காலியாக இருந்தது.

நோட்டு அவள் மேசைமேல்தான் கிடந்தது. பேனாவும் கையில் இருந்தது. ஆனால் அவள் அம்மா புஷ்பவள்ளி, நல்ல காரியத்தை வெள்ளிக்கிழமை எழுதலாம் என்று சொல்லிவிட்டாள். செயற்குழு வியாழக்கிழமை கூடியது.

கூட்டத்தின் முடிவில் சிவப்பு நோட்டு இரும்பு அலமாரிக்குள் போனது. ஒரே விஷயம் இரண்டு இடத்தில் பதிவானால் குழப்பம் வரும். ஆகையால் கணினி தயாராகும்வரை எந்த இடத்திலும் பதிவாகக் கூடாது என்பது நிர்வாகத்தின் வாதம். அலமாரிக்கு மூன்று பூட்டு. தலைவர் சிவசம்புவிடம் ஒரு சாவி, செயலாளர் சின்னத்தம்பியிடம் ஒன்று, பொருளாளர் லெட்சுமணனிடம் ஒன்று.

ரூபினி சின்னத்தம்பியிடம் போய்க் கேட்டாள். அவர் பாசிர் கூடாங் தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். அவள் அப்பா காலமாவதற்கு முன் அவரோடு ஒரே பஸ்ஸில் வேலைக்குப் போனவர்.

"அங்கிள், என் தேதிய மட்டும் ஒரு வரி எழுதிட்டு மறுபடியும் பூட்டிடுங்க."

"எனக்கு ஆசை இல்லையாம்மா? ஆனா நீ ஆபீஸ்ல வேலை பாக்கிற பொண்ணு. நீயே ரூலை மீறுனா வெளிய என்ன பேசுவாங்க? ரெண்டு வாரம் பொறு லா. கம்ப்யூட்டர் வந்ததும் மொத பேரு உன் பேருதான்."

சொன்னபடி கணினி இரண்டு வாரத்தில் வந்தது. கடையை மூடிய உறுப்பினர் ஒருவர் நன்கொடையாகக் கொடுத்தார். மாலை போட்டு, பொட்டு வைத்து, சூடம் காட்டி, சுவிட்சைத் தட்டினார்கள். கறுப்புத் திரையில் ஒரு வெள்ளைக் கோடு மினுக்கியது. கொடுத்தவர் உள்ளே இருந்த எல்லாவற்றையும் நேர்மையாக அழித்துவிட்டுக் கொடுத்திருந்தார். கணினி எழுந்து உட்கார வேண்டுமானால் முதலில் அதற்கு ஓர் இயங்குதளம் போட வேண்டும், பேச்சு வழக்கில் 'சிஸ்டம்'. எதைப் போடுவது என்ற கேள்வி அங்கே பிறந்தது.

சின்னத்தம்பி விண்டோஸ் என்றார். எல்லோரும் அதைத்தான் வைத்திருக்கிறார்களாம், எல்லோருமா தப்பாகப் போவார்கள் என்று கேட்டார். அவரிடம் கணினி கிடையாது.

தலைவர் சிவசம்பு மேக் என்றார். இலங்கைத் தமிழர், அரசாங்க உத்தியோகத்தில் முப்பத்தாறு வருஷம் கோப்பு பார்த்தவர். சிங்கப்பூரில் இருக்கும் மகன் அதைத்தான் வைத்திருக்கிறான். முன்பக்கத்தை அவர் பார்த்ததில்லை. மகன் எதிரே உட்கார்ந்து வேலை செய்வதால் முதுகுப்பக்கம் மட்டும் நன்றாகத் தெரியும். விலை கூடினது எண்டால் காரணம் இருக்கும் என்பது அவருடைய கட்சி.

டியூஷன் வாத்தியாரான பொருளாளர் லெட்சுமணன் லினக்ஸ் என்றார். அது இலவசம், யாருக்கும் சொந்தமில்லை, உலகம் முழுக்கப் பல பேர் சேர்ந்து பொதுநலமாகச் செய்வது என்று விளக்கினார். இதைக் கேட்டதும் சபையில் சந்தேகம் கிளம்பியது. கூலி வாங்காமல் எவனாவது வேலை செய்வானா, உள்ளே என்ன இருக்கிறதோ என்றார்கள். சொன்னவர்கள் அத்தனை பேரும் மன்றத்தில் கூலி வாங்காமல் வேலை செய்பவர்கள்.

இங்கேதான் தலைவருக்குச் சட்டவிதி பதினான்கு ஞாபகம் வந்தது. மன்றத்தின் பதிவேட்டைப் பொறுப்பில் வைத்திருப்பவர் எவரும் மன்ற உறுப்பினராக இருத்தல் வேண்டும். பதிவேடு இனிமேல் சிஸ்டத்தின் பொறுப்பில் இருக்கப்போகிறது. ஆகவே சிஸ்டம் உறுப்பினராக வேண்டும். உறுப்பினர் என்றால் பாரம் நிரப்ப வேண்டும், பாஸ்போர்ட் அளவில் படம் இரண்டு வேண்டும், முன்மொழிய ஒருவர், வழிமொழிய ஒருவர் வேண்டும். இதில் ஓட்டை இருக்கிறதா என்று எல்லோரும் தேடினார்கள். கிடைக்கவில்லை.

பாரங்களை ரூபினிதான் நிரப்பினாள். பதினெட்டு வயது பூர்த்தியானவரா என்ற இடத்தில் மூன்றுக்கும் 'ஆம்' என்று எழுதினாள். இனம் என்ற இடத்தில் 'மற்றவை'. தொழில் என்ற இடத்தில் விண்டோஸுக்கு 'பொது', மேக்குக்கு 'நிபுணத்துவம்', லினக்ஸுக்கு 'தன்னார்வலர்'. நிரந்தர முகவரியில் மன்றத்தின் முகவரியையே போட்டாள். தகப்பனார் பெயரை மட்டும் காலியாக விட்டதற்குத் தலைவர் கோபித்துக்கொண்டார். அவள் ஒவ்வொரு பாரத்தையும் நிரப்பும்போது சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டாள். சித்திரை முடிந்துகொண்டிருந்தது.

உறுப்பினர் சேர்க்கை முடிந்ததும் ஆய்வுப் பயணம் ஒன்று அவசியம் என்று கண்டறியப்பட்டது. எந்த சிஸ்டம் வந்தாலும் கணினிக்குத் தூசி படாமல் உறை தைக்க வேண்டும். துணி என்றால் ஜவுளிக்குப் பேர்போன தங்காக் ஊர்தான். ஒரு வேன் பிடித்துச் செயற்குழு முழுவதும் குடும்பத்தோடு தங்காக் போனது. காலை எட்டு மணிக்குப் போனவர்கள் மாலை ஆறு மணிக்கு இருபத்தேழு புடவை, ஒரே நிறத்தில் பன்னிரண்டு ஜிப்பா, மூன்று மூட்டை திரைச்சீலையோடு திரும்பினார்கள். கணினி உறைக்குத் துணி எடுக்க மறந்துவிட்டதால் பயணம் ஓரளவு வெற்றி என்று அறிக்கையில் எழுதச் சொன்னார்கள். ரூபினியும் குறிப்பெழுதக் கூடவே போயிருந்தாள். மண்டபம் இல்லாத கல்யாணத்துக்கு அரக்கு நிறத்தில் ஒரு கூறைப்புடவை எடுத்துக்கொண்டு வந்தாள்.

வைகாசி கடைசியில் தேர்தல். சிஸ்டங்கள் நேரில் வந்து ஓட்டுக் கேட்க முடியாதாகையால் சார்பில் ஆட்கள் கேட்டார்கள். சின்னத்தம்பி விண்டோஸுக்காகப் பதாகை கட்டினார். அதில் அவர் படம் பெரிதாகவும் விண்டோஸ் சிறிதாகவும் இருந்தது. இரண்டு குடும்பங்கள் பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொண்டன. பிள்ளைக்குப் பெண் பார்க்கப்போன இடத்தில், பெண் வீட்டார் மேக் பக்கம் என்று தெரிந்து பஜ்ஜியைத் தொடாமலே எழுந்து வந்தார் ஒருவர். எண்ணிப்பார்த்தால் மூவருக்கும் ஆளுக்கு அறுபத்தொரு ஓட்டு.

நம்மவர்கள் சங்கம் நடத்துவதில் தேர்ந்தவர்கள். இப்படிப்பட்ட சிக்கலுக்கு நம்மிடம் பரம்பரை வைத்தியம் ஒன்று உண்டு: யார் மனமும் நோகாமல் எல்லோருக்கும் பதவி கொடுத்துவிடுவது. விண்டோஸ் தலைமை இயங்குதளமாகவும், மேக் துணைத் தலைமை இயங்குதளமாகவும், லினக்ஸ் உதவித் தலைமை இயங்குதளமாகவும் போட்டியின்றித் தேர்வாயின. மேக்குக்காகத் தலைவரின் மகன் தன் பழைய கணினியைக் கொடுத்தான். லினக்ஸுக்கு லெட்சுமணன் தன் வீட்டுக் கணினியைத் தூக்கிவந்தார். மூன்றில் இரண்டு சிஸ்டம் ஒப்புக்கொண்டால்தான் மண்டப முன்பதிவு செல்லும், ஏனென்றால் அதுதான் கோரம், அதாவது தீர்மானம் செல்லக் குறைந்தபட்சம் வேண்டிய தலைக்கணக்கு.

அன்று ரூபினிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சந்தோஷத்தில்தான். இரண்டு கணினியில் தேதியைத் தட்டினால் போதும், கல்யாணம் நடந்துவிடும் என்று நினைத்தாள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. விண்டோஸ் கணினியின் கடவுச்சொல்லைப் பத்திரமாக இருக்கட்டும் என்று சின்னத்தம்பி மட்டும் தெரிந்துவைத்திருந்தார். மறுநாளே அதை மறந்துவிட்டார். மேக்கின் விசைப்பலகையைப் பிள்ளைகள் தொட்டுவிடக்கூடும் என்று சிவசம்பு வீட்டுக்குக் கொண்டுபோய் அலமாரியில் வைத்துவிட்டார். லினக்ஸ் ஒன்றுதான் தயாராக இருந்தது. ஆனால் லெட்சுமணன் அதன் தோற்றத்தைத் தினம் ஒரு விதமாக மாற்றிக்கொண்டே இருந்தார். அழகு வேலை முடியாமல் பொறுப்பை ஒப்படைக்க அவருக்கு மனம் வரவில்லை.

மண்டபத்தை யாரும் எடுக்க முடியாமல் ஊரெல்லாம் பேசத் தொடங்கியதும், கோரப் பிரச்சினையைத் தீர்க்க அவசரப் பொதுக்கூட்டம் கூட்டுவதென்று முடிவானது. நாள் ஆனி மாதத்துக் கடைசி ஞாயிறு. நேரம் காலை ஒன்பது. மண்டபம் வேறு எவருக்கும் பதிவாகாததால் அந்த நாள் வசதியாக இருந்தது.

கூட்ட அறிவிப்பைத் தட்டச்சு செய்யச் சொல்லி ரூபினியிடம்தான் கொடுத்தார்கள். நிகழ்ச்சி நிரலில் ஆறு அங்கம். ஐந்தாவது, இயங்குதளம் பற்றிய தீர்மானம். ஆறாவது, இதர விஷயங்கள். அவள் ஆறாவது வரியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, உறுப்பினர் எண் நூற்றுப் பன்னிரண்டு என்ற முறையில், மன்றத் தலைவருக்கு ஒரு கடிதம் எழுதினாள். கூட்டத்துக்கு ஏழு நாள் முன்பாக எழுத்து மூலம் கொடுத்தால் எந்த உறுப்பினரும் இதர விஷயங்களில் எதையும் கொண்டுவரலாம் என்று விதி இருக்கிறது.

சிவசம்பு கடிதத்தை மூன்று தரம் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"முறைப்படி இருக்குது பிள்ளை. மறுக்க இடமில்லை. கூட்டத்தில ஒரு தீர்மானம், அவ்வளவுதானே."

அந்த ஞாயிறு மண்டப மேடையின் ஒரு பாதியில் மணவறை, மறு பாதியில் தலைமை மேசை. ஹோமகுண்டத்துக்கு முன்னால் ஐயர் விசிறியோடு காத்திருந்தார். ஆறாம் அங்கம் வரும்வரை நாதஸ்வரத்தை வாயில் வைக்கக் கூடாது என்று மேளக்காரர்களிடம் எழுதியே வாங்கியிருந்தார்கள். மாப்பிள்ளை மன்ற உறுப்பினர் அல்ல. ஆகையால் ஹேமநாதன் பட்டு வேட்டியும் மாலையுமாகப் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்தான். அவனுக்குப் பேச உரிமை கிடையாது. அரக்குக் கூறைப்புடவையில், நெற்றிச்சுட்டியும் ஒட்டியாணமுமாக, மணப்பெண் தலைமை மேசையின் ஓரத்தில் குறிப்பெழுதிக்கொண்டிருந்தாள். வருகையாளர் நூற்று எண்பத்து மூன்று பேர். இவ்வளவு பேர் மன்றக் கூட்டத்துக்கு வந்ததே இல்லை என்று தலைவர் உரையில் குறிப்பிட்டு மகிழ்ந்தார். பின்பக்கத்திலிருந்து சாம்பார் மணம் வந்துகொண்டிருந்தது.

தலைவர் உரை இருபது நிமிஷம். மௌன அஞ்சலி ஒரு நிமிஷம் என்றார்கள். யார் யாருக்கு என்று பெயர் படிக்கப் பத்து நிமிஷம். ஐந்தாம் அங்கம் தொடங்கியபோது மணி ஒன்பது ஐம்பது. சின்னத்தம்பி விண்டோஸுக்காக எழுந்தார். கடவுச்சொல் தொலைந்ததற்கு முழுப் பொறுப்பையும் ஏற்றுக்கொள்வதாகச் சொல்லி, அது தன் தவறல்ல என்று விளக்க ஆரம்பித்தார். பத்து, பத்தே கால் ஆயிற்று. புஷ்பவள்ளி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்தாள். சின்னத்தம்பி தன் தொழிற்சாலை அனுபவங்களுக்கு வந்திருந்தார்.

ரூபினி பேனாவை மூடி மேசைமேல் வைத்தாள்.

"ஏன் பிள்ளை நிப்பாட்டிப்போட்டீர்?" என்றார் தலைவர்.

"விதி ஒன்பது ஐயா, நீங்க எழுதுனது. குறிப்புல எழுதாதது இந்த மன்றத்துல நடக்காதது. அங்கிள் பேசுறத நான் இனிமே எழுதப் போறதில்ல. அவரு இன்னும் அரை மணி நேரம் பேசலாம். ஆனா பேசுனதா ஆகாது."

சின்னத்தம்பி உட்கார்ந்துவிட்டார். பேசியும் பேசாதவராவதில் அவருக்கு இஷ்டமில்லை. விதியைத் தலைவர் மனதுக்குள் ஒரு தரம் ஓட்டிப்பார்த்தார். அது அவருக்கே பெருமையாக இருந்தது. அடுத்த அங்கம் என்று அறிவித்தார். மணி பத்து இருபது.

குமாரி ரூபினிக்கும் திருவாளர் ஹேமநாதனுக்கும் இம்மண்டபத்தில், இக்கூட்டத்திலேயே, திருமணம் நடைபெற இப்பேரவை அங்கீகாரம் அளிக்கிறது. இந்தத் தீர்மானத்தை லெட்சுமணன் முன்மொழிந்தார். முன்வரிசையிலிருந்து புஷ்பவள்ளி எழுந்து வழிமொழிந்தாள். எந்தத் தீர்மானத்துக்கும் திருத்தம் கொண்டுவராமல் போகாத மகேஸ்வரன் அப்போது கை தூக்கினார். மூன்று முடிச்சில் முதலாவது விண்டோஸுக்கும், இரண்டாவது மேக்குக்கும், மூன்றாவது லினக்ஸுக்கும் என்று ஒற்றுமையின் அடையாளமாகச் சேர்க்க வேண்டும் என்றார். ஏற்கப்பட்டது. எதிர்ப்பவர்கள் உண்டா என்றபோது கடைசி வரிசையில் ஒரு கை உயர்ந்தது. தலை சொறியத்தான் என்று விசாரித்துத் தெரிந்துகொள்ள ஒரு நிமிஷம் போனது. ரூபினி மேசையிலிருந்து மணவறைக்குப் பாதி ஓட்டமாகப் போனாள். பார்வையாளர் வரிசையிலிருந்து ஹேமநாதன் தாண்டி வந்தான். பத்து இருபத்தெட்டுக்கு மேளம் கொட்டியது.

தாலி ஏறியதும் சபை எழுந்து பந்திக்கு ஓடியது. கோரம் இல்லாததால் ஐந்தாம் அங்கம் ஒத்திவைக்கப்பட்டது. ஒத்திவைப்பை அன்றைக்கே எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும் என்று தலைவர் சொன்னதால் மணப்பெண் மாலையோடு மறுபடி மேசைக்குப் போய் உட்கார்ந்தாள்.

அடுத்த ஆனியில் ஆண்டுப் பொதுக்கூட்டம் நடந்தது. ஹேமநாதன் வியட்நாமில் இருந்தான். ரூபினி பிரசவ விடுமுறையில் இருந்தாலும் குறிப்பு வாசிக்க வேறு ஆள் இல்லாததால் ஐம்பது நாள் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு மேசைக்கு வந்திருந்தாள். அதே நூற்று எண்பத்து மூன்று பேர் எதிரே இருந்தார்கள். சென்ற கூட்டத்தின் குறிப்பை ஏற்கும் கட்டம் வந்தது. சிவசம்பு தாளைப் புரட்டிப் பார்த்தார்.

"ஐந்தாம் அங்கம் இருக்குது. ஒத்திவைப்பு இருக்குது. நடுவில ஆறாம் அங்கம் வெறுமையா இருக்குதே பிள்ளை."

"அப்ப நான் மணவறையில இருந்தேன் ஐயா. தாலி ஏறிக்கிட்டு இருந்துச்சு."

"அது எனக்கும் தெரியும். நான் அட்சதை போட்டனான். ஆனால் குறிப்பில இல்லையே. எழுதாதது நடக்காதது எண்டு சபையில சொன்னது நீர்தானே."

சபை குழந்தையைப் பார்த்தது. குழந்தை கொட்டாவி விட்டது. அன்று கல்யாணம் நடந்ததைக் கண்ணால் கண்ட அத்தனை பேரும், விதி என்று வந்துவிட்டால் கண்ணை நம்ப முடியாதே என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ரூபினிக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது.

"அப்படின்னா அதுக்கப்புறம் போட்ட சாப்பாடும் குறிப்புல இல்ல ஐயா. அன்னைக்கு இங்க யாரும் சாப்பிடவும் இல்ல."

இதோடு இவர்கள் வாயை அடைத்துவிட்டோம் என்றுதான் அவள் நினைத்தாள். மெதுவாக லெட்சுமணன் எழுந்தார். அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது என்றார். அன்று உறுப்பினர்கள் சாப்பிடவில்லை, கல்யாணமும் நடக்கவில்லை. ஆகவே கல்யாணத்தையும் விருந்தையும் முறைப்படி மறுபடி நடத்துவதே சபைக்கு அழகு, மண்டபத் தேதியை மட்டும் இயங்குதளம் முடிவானதும் அதில் பதிந்துகொள்ளலாம் என்று முன்மொழிந்தார். வழிமொழிய எட்டுப் பேர் ஒரே சமயத்தில் எழுந்தார்கள். மகேஸ்வரன் பாயசம் இரண்டாக இருக்கட்டும் என்று ஒரே ஒரு திருத்தம் கொண்டுவந்தார்.

ஆதரிப்பவர்கள் கை தூக்கும்படி தலைவர் கேட்டுக்கொண்டார். எண்ணியது ரூபினிதான். வரிசை வரிசையாக எண்ணினாள். மன்றத்தின் சரித்திரத்தில் இவ்வளவு கை உயர்ந்ததில்லை. புஷ்பவள்ளியின் கையும் அதில் இருந்தது. நூற்று எண்பத்து மூன்று என்று எழுதினாள்.

எழுதியதும் அவளுக்குக் கல்யாண நாள் ஞாபகம் வந்தது. அன்றைக்கு ஒத்திவைப்பை எழுதிக் கையெழுத்து வாங்கி நிமிர்ந்தபோது, பந்தி முடிந்து அண்டாவைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வாய் சோறு மிச்சமில்லை. அந்த மண்டபத்தில் உண்மையிலேயே சாப்பிடாதவள் அவள் ஒருத்திதான்.

குழந்தையை இடது கைக்கு மாற்றிக்கொண்டாள். வலது கையைத் தூக்கினாள். பிறகு கையை இறக்கி, நூற்று எண்பத்து மூன்றை அடித்துவிட்டு, நூற்று எண்பத்து நான்கு என்று திருத்தினாள்.